ஷேல் பாறையில் இருப்பு வேறு, எடுப்பு வேறு: எந்தப் பண்பு எதைத் தீர்மானிக்கிறது?

கேள்வி இதுதான்: நுண்துகள்கள் படிந்து இறுகிய ஒரே ஷேல் பாறைப் படிவத்தில், ஏறக்குறைய ஒரே ஆழத்தில், ஒரே முறையில் தோண்டி, நீரும் மணலும் அழுத்திச் செலுத்திப் பாறையை உடைத்த இரண்டு கிணறுகளில் ஒன்று பல ஆண்டுகள் எண்ணெயோ வாயுவோ தருகிறது, மற்றது ஓராண்டிலேயே ஓய்ந்துவிடுகிறது. பாறையின் எந்தெந்தப் பண்புகள் இதற்குக் காரணம்? முதலில் எவற்றை அளக்க வேண்டும்?

பண்புகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பாறைக்குள் எவ்வளவு எண்ணெயும் வாயுவும் இருக்கிறது என்று சொல்பவை ஒரு கூட்டம்: கரிமப் பொருளின் அளவு, அதன் முதிர்ச்சி, நுண்துளைமை, நீர் நிறைவு (துளைகளில் நீர் பிடித்திருக்கும் பங்கு), அழுத்தம், தடிமன். இருப்பதை வெளியே எடுக்க முடியுமா என்று சொல்பவை இன்னொரு கூட்டம்: ஊடுருவுதிறன், கனிமக் கலவை, உடையும் தன்மை, பாறையில் நிலவும் தகைவு (பாறையை நெருக்கும் அழுத்தம்), இயற்கை விரிசல்கள், பாய்மத்தின் பாகுநிலை. இருப்பு வேறு, எடுப்பு வேறு. ஷேலில் நடந்த பெரிய ஏமாற்றங்களில் பல, முதல் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவதைக் கவனிக்காததால் வந்தவை.

கலிபோர்னியாவின் மான்டரே ஷேல் இதற்கு நல்ல சான்று. அங்கே தொழில்நுட்பரீதியாக எடுக்கக்கூடிய எண்ணெய் 1,540 கோடி பீப்பாய் என்று 2011-இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. 2014-இல் அதே நிர்வாகம் அதை 60 கோடி பீப்பாயாகக் குறைத்தது. இடைப்பட்ட காலத்தில் பாறை மாறிவிடவில்லை. மடிப்புகளும் பிளவுகளும் நிறைந்த அந்த அமைப்பு, தட்டையாகப் படுத்திருக்கும் பாக்கன், ஈகிள் ஃபோர்டு என்ற அமெரிக்கப் படிவங்களைப் போல நீண்ட கிடைக்கிணறுகளுக்கு இணங்கவில்லை. போலந்திலும் இதே கதைதான். எடுக்கக்கூடிய ஷேல் வாயு 5.3 லட்சம் கோடி கன மீட்டர் என்று 2011-இல் அதே அமெரிக்க நிர்வாகம் மதிப்பிட்டது. பழைய கிணறுகளின் கோர்களையும் (வெட்டியெடுத்த பாறை உருளைகள்) லாக்குகளையும் (கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த அளவீடுகள்) வைத்துப் போலந்தின் புவியியல் நிறுவனம் 2012-இல் தந்த மதிப்பு 34,600 கோடி முதல் 76,800 கோடி கன மீட்டர்தான்.

கரிமமும் முதிர்ச்சியும்

ஷேலுக்குள் இருக்கும் எண்ணெய் வேறெங்கிருந்தோ வந்து தங்கியதல்ல. படிவோடு புதைந்த பாசிகளும் நுண்ணுயிர்களும் கெரோஜன் என்ற திடக் கரிமப் பொருளாகி, ஆழத்தின் வெப்பத்தில் வெந்து, எண்ணெயும் வாயுவுமாகின்றன. வெளியேறியது போக மிஞ்சியதைத்தான் நாம் எடுக்கிறோம். ஆகவே முதல் அளவு, மொத்தக் கரிமக் கார்பன். எடையில் 2 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலும் பொருளாதாரம் ஒத்துவராது. 4, 5 சதவீதம் என்றால் நல்ல பாறை.

எடைச் சதவீதம் பார்க்கச் சிறியதாகத் தெரியும். கெரோஜனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.3 கிராம், கனிமங்களுடையது 2.7 கிராம். எனவே எடையில் 5 சதவீதக் கார்பன் என்பது, பருமனில் பாறையின் திடப்பகுதியில் ஏறக்குறைய 12 சதவீதக் கெரோஜன். இது பின்னால் லாக் கணக்கில் பெரிய தவறுக்கு வழிவகுக்கும்.

கார்பன் இருந்தால் மட்டும் போதாது, அது சரியாக வெந்திருக்க வேண்டும். இதைக் காட்டும் அளவுகோல் விட்ரினைட் பிரதிபலிப்பு, அதாவது பாறையிலுள்ள தாவர எச்சத் துகள் ஒளியைத் திருப்பும் அளவு. அது 0.6 சதவீதம் அளவில் எண்ணெய் உருவாகத் தொடங்கும். 1.1 முதல் 1.4 வரை கண்டன்சேட் எனும் மிக லேசான எண்ணெயும் ஈரவாயுவும், அதற்கு மேல் உலர்வாயு. 3.5 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை: கரிமம் கிராஃபைட்டை நோக்கிப் போகிறது, அதிலிருக்கும் துளைகள் நசுங்குகின்றன. நிலத்தாவரங்கள் தோன்றுவதற்கு முந்தைய பாறைகளில் விட்ரினைட்டே இருக்காது. சீனாவின் லாங்மாக்ஸி போன்ற சிலூரியன் காலத்து ஷேலில் திடப் பிட்டுமனின் பிரதிபலிப்பையோ கிராப்டோலைட் புதைபடிவங்களின் பிரதிபலிப்பையோ அளந்து, அதை விட்ரினைட்டுக்கு இணையான எண்ணாக மாற்றுவார்கள். அறிக்கையில் எது அளக்கப்பட்டது, எந்தச் சமன்பாட்டால் மாற்றப்பட்டது என்று கேட்காமல் அந்த எண்ணை வரைபடத்தில் ஏற்றக் கூடாது.

ராக்-எவால் சோதனை எல்லா இடங்களிலும் நடக்கிறது. பாறைப்பொடியை 300 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்தால் ஏற்கெனவே உருவாகிப் பாறைக்குள் தங்கிய எண்ணெய் ஆவியாகும். அதற்கு எஸ்1 என்று பெயர். பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் சூடேற்றும்போது கெரோஜன் உடைந்து தருவது எஸ்2. எஸ்2 உச்சம் தொடும் வெப்பநிலை 435 டிகிரிக்குக் கீழே இருந்தால் பாறை இன்னும் பச்சை. எண்ணெய் ஷேலில் பயன்படும் விதி: எஸ்1-ஐக் கரிமக் கார்பனால் வகுத்தால் கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வர வேண்டும். அதற்குக் குறைந்தால் இருக்கும் எண்ணெயெல்லாம் கெரோஜனோடு ஒட்டிக் கிடக்கிறது, நகராது என்று பொருள்.

இந்த விதி தவறாகப் போகும் வழிகள் இரண்டு. லேசான எண்ணெய் உள்ள பாறையில், கோர் பெட்டியில் கிடக்கும் நாட்களிலேயே எஸ்1-இன் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிக நல்ல அடுக்கு மோசமாகத் தெரியும். எண்ணெய் கலந்த துளையிடு சேற்றைச் செலுத்தித் தோண்டிய கிணற்றின் துகள்களிலோ சேற்று எண்ணெயே எஸ்1-ஆகத் தோன்றும். மோசமான அடுக்கு நல்லதாகத் தெரியும்.

துளைகளும் லாக் செய்யும் பிழையும்

ஷேலின் நுண்துளைமை பொதுவாக 2 முதல் 10 சதவீதம். அந்தத் துளைகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம். ஆர்கான் அயனிக் கற்றையால் மெருகேற்றிய டெக்சாஸின் பார்னெட் ஷேல் துண்டுகளின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் 2009-இல் வெளிவந்தன. வாயு ஷேலில் கணிசமான துளைகள் கனிமங்களுக்கு நடுவே இல்லை, கெரோஜனுக்குள்ளேயே பஞ்சுபோல் இருக்கின்றன என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. முதிர்ச்சி கூடக்கூட இந்தத் துளைகள் உருவாகின்றன. கார்பன் நிறைந்தும் சரியாக வேகாத பாறையில் வாயு தங்க இடமே இல்லாமல் போவது இதனால்தான்.

அடர்த்தி லாக்கை வழக்கமான மணற்பாறைக்குச் செய்வது போலக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பருமனில் 10 சதவீதக் கெரோஜன், 5 சதவீத வாயுத்துளை, மீதி 85 சதவீதம் 2.7 அடர்த்திக் கனிமம் என்று கொள்வோம். மொத்த அடர்த்தி 2.44 வரும். கெரோஜனை மறந்துவிட்டு, துளையில் நீர் இருக்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால் நுண்துளைமை 15 சதவீதம் என்று வரும். உண்மை 5. மூன்று மடங்குப் பிழை அப்படியே இருப்புக் கணக்கில் ஏறிவிடும். எனவே ஒவ்வொரு படிவத்துக்கும் கோர் அளவீட்டை வைத்துக் கெரோஜனின் பங்கைக் கழித்த பிறகே அடர்த்தி லாக்கைப் படிக்க வேண்டும்.

பைரைட் எதிர்த்திசையில் கெடுக்கும். அதன் அடர்த்தி 5, மின்சாரத்தையும் கடத்தும். சில சதவீதம் இருந்தாலே நுண்துளைமை குறைவாகவும் நீர் நிறைவு அதிகமாகவும் தெரியும். களிமண்ணும் மின்சாரம் கடத்துவதால், மின்தடையிலிருந்து நீர் நிறைவைக் கணக்கிடும் ஆர்ச்சி சமன்பாட்டை லாக்கில் நேரடியாகப் போடுவது ஷேலில் சரிவராது.

ஒட்டிய வாயு: பெரிய எண், மெதுவான வரவு

வாயுவில் ஒரு பகுதி துளையில் சுதந்திரமாக இருக்கும். இன்னொரு பகுதி கெரோஜன் பரப்பில் ஒட்டியிருக்கும். ஒட்டியதன் அளவை லாங்மியர் சமன்பாடு தருகிறது. அதிகபட்சம் டன்னுக்கு 3 கன மீட்டர், லாங்மியர் அழுத்தம் (அதிகபட்சத்தில் பாதி ஒட்டியிருக்கும் அழுத்தம்) 5 மெகாபாஸ்கல் என்று ஒரு பாறையை எடுத்துக்கொள்வோம். பாறையின் அழுத்தம் 25 மெகாபாஸ்கலாக இருக்கும்போது 2.5 கன மீட்டர் ஒட்டியிருக்கும். 10 மெகாபாஸ்கலுக்கு இறக்கினாலும் இன்னும் 2 கன மீட்டர் ஒட்டியபடியே இருக்கும். அழுத்தத்தை 60 சதவீதம் குறைத்தும் ஒட்டிய வாயுவில் ஐந்தில் ஒரு பங்குதான் கழன்றது.

அதே பாறையில் 5 சதவீத நுண்துளைமை, 30 சதவீத நீர் என்றால் சுதந்திர வாயு டன்னுக்கு ஏறக்குறைய 3 கன மீட்டர். இருப்பில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் கிணற்றின் முதல் ஐந்தாறு ஆண்டு வருமானம் பெரும்பாலும் சுதந்திர வாயுவிலிருந்து. மிச்சிகன் மாநிலத்தின் ஆன்ட்ரிம் போன்ற ஆழங்குறைந்த, அழுத்தங்குறைந்த ஷேலில்தான் ஒட்டிய வாயு முதன்மை பெறுகிறது. இன்னொன்று: ஒட்டிய மூலக்கூறுகளும் துளைக்குள் இடம் பிடிக்கின்றன. அந்த இடத்தைக் கழிக்காமல் சுதந்திர வாயுவைக் கணக்கிட்டு, மேலே ஒட்டியதையும் கூட்டினால் ஒரே இடத்தை இரண்டு முறை எண்ணியதாகும்.

ஊடுருவுதிறன்: எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது

ஊடுருவுதிறனின் அலகு டார்சி. ஒரு டார்சியில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோடார்சி. நல்ல மணற்பாறை 100 மில்லிடார்சி இருக்கும். ஷேல் பல இடங்களில் 100 நானோடார்சி, அல்லது அதற்கும் கீழே. பத்து லட்சம் மடங்கு வேறுபாடு. இந்த எண் கிணறு வடிவமைப்பில் என்ன செய்கிறது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம்.

அழுத்தக் குறைவு பாறைக்குள் பரவும் வேகம், ஊடுருவுதிறனை நுண்துளைமை, பாகுநிலை, அமுக்கத்தகவு (அழுத்தம் மாறும்போது பருமன் மாறும் அளவு) மூன்றின் பெருக்கலால் வகுத்தால் கிடைக்கும். நுண்துளைமை 5 சதவீதம், வாயுவின் பாகுநிலை 0.02 சென்டிபாய்ஸ், பாறை அழுத்தம் 25 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், 100 நானோடார்சிப் பாறையில் முறிவின் (நாம் உடைத்து உண்டாக்கிய விரிசலின்) முகத்திலிருந்து 10 மீட்டர் உள்ளே அழுத்தக் குறைவு எட்ட ஏறக்குறைய 4 மாதம் ஆகும். 50 மீட்டர் எட்ட 8 ஆண்டு, ஏனெனில் காலம் தூரத்தின் வர்க்கமாக ஏறுகிறது. பாறை 10 நானோடார்சி என்றால் அதே 10 மீட்டருக்கு மூன்று ஆண்டுக்கு மேல். 1 நானோடார்சி என்றால் முப்பது ஆண்டுக்கு மேல்.

முறிவுகளை எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்ற முடிவு இங்கிருந்துதான் வருகிறது. 100 நானோடார்சிப் பாறையில் 20 மீட்டருக்கு ஒரு முறிவு போதும். 10 நானோடார்சியில் அதே இடைவெளி விட்டால் நடுவிலிருக்கும் பாறை வருடக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கும், 10 மீட்டருக்கு ஒன்று வைத்தால் ஓராண்டுக்குள் எட்டிவிடும். மாறாக 500 நானோடார்சிப் பாறையில் 5 மீட்டருக்கு ஒரு முறிவு வைத்தால் செலவு இரட்டிக்கும், மொத்த வரவு மாறாது. முதல் சில மாத எண்கள் மட்டும் அழகாகத் தெரியும். முதல் 30 நாள் உற்பத்தியை வைத்து வடிவமைப்பை மெச்சுவது தவறான பழக்கம்.

உற்பத்தி சரிவதும் இதே இயற்பியல்தான். முறிவின் முகத்துக்கு வாயு நேர்கோட்டில் வந்துசேரும் காலத்தில் உற்பத்தி, காலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்கும். முதல் மாதம் 100 என்றால் நான்காம் மாதம் 50, பதினாறாம் மாதம் 25. கிணறு கெட்டுவிட்டது என்று பதற இதில் எதுவும் இல்லை. இந்தச் சாய்விலிருந்து விலகிக் கீழே போனால்தான் முறிவுகள் மூடுகின்றனவா, குழாயில் நீர் தேங்குகிறதா என்று தேட வேண்டும்.

ஆய்வகத்தில் ஊடுருவுதிறனை அளப்பதில் நிறையச் சிக்கல் உண்டு. பாறையை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட துகளாக நொறுக்கி, ஹீலியம் எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்று பார்ப்பது ஒரு முறை. அதில் பாறை மேல் தகைவே இல்லை. முழு உருளைத் துண்டில் அழுத்தத் துடிப்பு அனுப்பிப் பார்ப்பது இன்னொரு முறை. அதில் தகைவு உண்டு, ஆனால் கோரை மேலே கொண்டுவரும்போது அடுக்குத் தளங்கள் நெடுகப் பிளந்த நுண்விரிசல்கள் எண்ணை ஏற்றிவிடும். ஒரே பாறைக்கு இரண்டு ஆய்வகங்கள் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு வேறுபட்ட எண் தருவது சாதாரணம். எந்த முறை, எந்தத் தகைவு, துண்டு அடுக்குத் தளத்துக்கு இணையாக வெட்டியதா செங்குத்தாகவா என்று மூன்றும் தெரியாத எண்ணைப் பயன்படுத்தாதீர்கள்.

உடையுமா, உடைந்தது திறந்தே நிற்குமா?

குவார்ட்ஸ், கார்பனேட், களிமண் மூன்றும்தான் ஷேலின் பெரும்பகுதி. களிமண் 35, 40 சதவீதத்தைத் தாண்டினால் பாறை உடைவதை விட்டு நெகிழத் தொடங்கும். டெக்சாஸின் பார்னெட் வென்றதற்கு அதன் சிலிக்கா ஒரு காரணம். மிட்செல் எனர்ஜி நிறுவனம் அங்கே 1981-இல் தொடங்கி, கெட்டியான ஜெல்லை வைத்துப் பல ஆண்டுகள் உடைத்துப் பார்த்தது. 1997 வாக்கில் உராய்வுக் குறைப்பான் கலந்த வெறும் நீருக்கும் குறைந்த மணலுக்கும் மாறியபோதுதான் செலவு இறங்கி உற்பத்தி நிலைத்தது. அந்தச் சிகிச்சைக்கு உடன்பட்டது அந்தப் பாறை; களிமண் மிகுந்த ஷேலில் அதே செய்முறை தோற்றிருக்கும்.

குவார்ட்ஸ் சதவீதத்தை மட்டும் பார்ப்பதும் போதாது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ரேடியோலேரியா, கடற்பஞ்சு முட்கள் போன்ற உயிரிகளின் சிலிக்கா கரைந்து மீண்டும் படிந்தால் பாறைக்குள் விறைப்பான சட்டகம் ஒன்று உருவாகும். ஆறுகள் கொண்டுவந்த மணல் துகள்கள் களிமண்ணுக்குள் முந்திரிபோல் மிதந்தால் சட்டகம் கிடையாது. அதே 45 சதவீதக் குவார்ட்ஸ் இருந்தும் பாறை மென்மையாகவே இருக்கும். லாங்மாக்ஸியின் அடிப்பகுதி மதிப்புமிக்கதாக இருப்பதற்கு, கரிமமும் உயிரிச் சிலிக்காவும் அங்கே சேர்ந்தே கூடுவதுதான் காரணம். பல படுகைகளில் கரிமத்தோடு களிமண்தான் சேர்ந்து வருகிறது.

கனிமச் சதவீதத்திலிருந்தோ, யங் குணகம் (பாறையின் விறைப்பு), பாய்சான் விகிதம் (நசுக்கும்போது பக்கவாட்டில் விரியும் அளவு) இரண்டிலிருந்தோ உடைதன்மைக் குறியீடு ஒன்றைக் கணக்கிடும் வழக்கம் உண்டு. என் கணிப்பில் அதற்குக் கொடுக்கப்படும் மதிப்பு மிகை. தடித்த சுண்ணாம்புப் பாறைக்கு அந்தக் குறியீடு உச்சத்தில் வரும். களத்தில் அதே அடுக்கு முறிவைத் தடுத்து நிறுத்தும் சுவராக நிற்கும். குறியீட்டை விடத் தகைவின் செங்குத்துப் படம் பயனுள்ளது.

3,000 மீட்டர் ஆழத்தில் மேற்சுமை 69 மெகாபாஸ்கல், துளை அழுத்தம் 30 மெகாபாஸ்கல் என்று கொள்வோம். பக்கவாட்டு நிலத்தகட்டு அழுத்தத்தை ஒதுக்கிவிட்டால், பாய்சான் விகிதம் 0.2 உள்ள அடுக்கில் குறைந்தபட்சக் கிடைத்தகைவு சுமார் 40 மெகாபாஸ்கல். 0.3 உள்ள களிமண் அடுக்கில் சுமார் 47. இந்த 7 மெகாபாஸ்கல் வேறுபாடு, முறிவு மேலே ஏறாமல் தடுக்கப் போதும். களிமண் அடுக்கு காலப்போக்கில் மெல்லத் தளர்ந்து தகைவைச் சமப்படுத்திக்கொள்வதால் உண்மையான வேறுபாடு இதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். எண்ணெய் இருக்கும் அடுக்குக்கு மேலும் கீழும் இப்படி இரண்டு சுவர் கிடைத்தால் அது வரம். சுவர் உள்ளேயே, படிவத்தின் நடுவே இருந்தால் முறிவு பாதி உயரத்தில் நின்றுவிடும்.

உடைந்த பிறகு புரோப்பன்ட் எனப்படும் மணல் விரிசலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். 100 மெஷ் (சல்லடை அளவு) மணலின் விட்டம் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். கிணற்றிலிருந்து தொலைவில் விரிசலை ஒன்றிரண்டு அடுக்கு மணல்தான் தாங்கியிருக்கும். யங் குணகம் 20 கிகாபாஸ்கலுக்குக் கீழே உள்ள மென்மையான பாறையில், மணல் இரண்டு பக்கச் சுவரிலும் அரைத் துகள் அளவு புதைந்தால் விரிசல் மூடியே விட்டது. அத்தகைய பாறைக்கு 40/70 மெஷ் போன்ற பெரிய மணலும் கூடுதல் அளவும் தேவை. களிமண் வீங்கும் என்ற அச்சம் ஓரளவு மிகைப்படுத்தப்பட்டது. நன்கு முதிர்ந்த ஷேலில் வீங்கும் ஸ்மெக்டைட் களிமண்ணின் பெரும்பகுதி வெப்பத்தில் வீங்காத இல்லைட்டாக மாறியிருக்கும். வீக்கத்தைவிட, நீரில் நனைந்த முறிவுமுகம் மென்மையாவதே பெரிய கேடு. எக்ஸ்-கதிர்ச் சோதனையில் கலப்பு அடுக்குக் களிமண் எவ்வளவு என்று பார்த்தபின், வீக்கத்தைத் தடுக்கப் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பதை முடிவு செய்யலாம்.

கிடைக்கிணற்றின் திசையைத் தகைவுதான் தருகிறது. முறிவு எப்போதும் குறைந்த தகைவுக்குச் செங்குத்தாகத் திறக்கும். கிணறு குறைந்த கிடைத்தகைவின் திசையில் ஓடினால் முறிவுகள் அதைக் குறுக்காக வெட்டும். நிலப்பரப்பு எல்லைக்காகத் திசையைத் திருப்பினால் முறிவுகள் சாய்ந்து, ஒன்றையொன்று நெருங்கி, பாறையின் ஒரு பகுதி விடுபடும். இரண்டு கிடைத்தகைவுகளுக்கும் வேறுபாடு குறைவாக இருந்தால், கால்சைட் நிரம்பிய பழைய விரிசல்களும் திறந்து வலைபோல் பரவ வாய்ப்புண்டு. வேறுபாடு அதிகமென்றால் தட்டையான ஒற்றை முறிவுதான் வரும், ஆகவே எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

கீழே என்ன இருக்கிறது?

பார்னெட்டுக்குக் கீழே எல்லன்பர்கர் என்ற குகைகளும் உப்புநீரும் நிறைந்த கார்பனேட் படிவம் இருக்கிறது. சில பகுதிகளில் இரண்டுக்கும் நடுவே வயோலா-சிம்ப்சன் சுண்ணாம்பு அடுக்கு தடுப்பாக நிற்கிறது. மேற்கே அது தேய்ந்து மறைகிறது. அங்கே செங்குத்துக் கிணற்றில் பெரிய முறிவு செய்தால் அது நேராக நீருக்குள் இறங்கும். வாயுவுக்குப் பதில் உப்புநீர் வரும். ஷேலின் பண்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். முடிவை மாற்றியது அதன் கீழ் அடுக்கு. நில அதிர்வுப் படத்தில் பிளவுகளையும், கீழே குகை சரிந்த குழிவுகளையும் குறித்து, அவற்றுக்குப் பக்கத்தில் வரும் கட்டங்களை (கிணற்றைப் பிரித்து உடைக்கும் பகுதிகளை) உடைக்காமல் விடுவது செலவில்லாத பாதுகாப்பு.

பக்கத்து அடுக்கு நன்மையும் செய்யும். பாக்கனில் கிணறு கரிமம் மிகுந்த மேல், கீழ் ஷேல்களில் ஓடுவதில்லை. அவற்றுக்கு நடுவே உள்ள டோலமைட் கலந்த வண்டல் அடுக்கில் ஓடுகிறது. இருப்பைப் பிறப்பிப்பது ஷேல், எடுக்கத் தருவது நடு அடுக்கு. 2000-இல் மான்டானாவின் எல்ம் கூலி வயல் இந்த வழியைக் காட்டியது. படிவத்தைப் பார்க்கும்போது இப்படி ஒரு நடு அடுக்கு இருக்கிறதா என்று முதலிலேயே தேடுவது நல்லது.

அழுத்தம் தரும், அழுத்தமே கெடுக்கும்

லூசியானா, டெக்சாஸ் எல்லையில் உள்ள ஹேன்ஸ்வில் 3,200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஆழத்தோடு அதன் துளை அழுத்தம் ஏறும் வீதம் சில பகுதிகளில் மீட்டருக்கு 20 கிலோபாஸ்கலை நெருங்குகிறது. சாதாரண நீர்த்தம்பத்துக்கு இது 10. மிகை அழுத்தம் ஒரே துளையில் அதிக வாயுவை அடைக்கிறது, துளைகள் நசுங்காமல் காக்கிறது, கிணற்றுக்கு வேகமும் தருகிறது. ஆனால் வால்வை முழுதாகத் திறந்து கிணற்றடி அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால், பாறையின் தகைவு முழுக்க மணல் மேல் இறங்கும். முறிவை மூடப் பார்க்கும் தகைவு 75, கிணற்றடி அழுத்தம் 15 மெகாபாஸ்கல் என்றால் மணல் மேல் 60 மெகாபாஸ்கல். சாதாரண மணல் 35, 40-இலேயே நொறுங்கத் தொடங்கும். எனவே அங்கே இரண்டு வழிகள்: பீங்கான் புரோப்பன்ட் அல்லது பிசின் பூசிய மணல், அதோடு சோக் எனும் துவாரத்தைச் சிறிதாக வைத்துப் பல மாதங்களில் மெல்ல அழுத்தத்தை இறக்குவது. முதல் மாத எண் சிறிதாக இருக்கும், ஆனால் மொத்த வரவு காக்கப்படும். 150 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் துளையிடும் கருவியின் மின்னணுப் பாகங்களும், கட்டங்களைப் பிரிக்கும் அடைப்பான்களின் ரப்பரும் அடிக்கடி பழுதாவதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஏன் கடினம்?

பாகுநிலை அதிகம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் பதில். அது பாதிதான். 0.5 சென்டிபாய்ஸ் எண்ணெய் வாயுவைவிட 25 மடங்கு பிசுபிசுப்பானது. ஆனால் எண்ணெயின் அமுக்கத்தகவு வாயுவைவிட ஏறத்தாழ 20 மடங்கு குறைவு. மேலே போட்ட பரவல் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். அழுத்தக் குறைவு ஏறக்குறைய அதே வேகத்தில் பரவும். வித்தியாசம் அதற்குப் பிறகு: அழுத்தம் எட்டிய பாறையிலிருந்து விரிந்து வெளிவரும் பருமன் எண்ணெயில் மிகக் குறைவு. ஆகவே எண்ணெய் ஷேலில் 5 முதல் 10 சதவீதம் எடுத்தாலே நல்லது என்ற நிலை. வாயுவில் 20, 30 சதவீதம் வரை போகலாம்.

எண்ணெயைத் தள்ளுவது பெரும்பாலும் அதில் கரைந்திருக்கும் வாயு. கரைவாயு நிறைந்த, லேசான எண்ணெய் கிடைக்கும் 0.9 முதல் 1.1 வரையான முதிர்ச்சிப் பட்டைதான் வேண்டும். 0.7-இல் எண்ணெய் கனமானது, கெரோஜன் அதைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருக்கும், துளைக்கழுத்துகளில் பெரிய மூலக்கூறுகள் சிக்கும். ஈகிள் ஃபோர்டில் படிவம் தென்கிழக்கே ஆழம் கூடி இறங்குவதால் எண்ணெய், கண்டன்சேட், உலர்வாயு மூன்றும் பட்டை பட்டையாக அடுத்தடுத்து வருகின்றன. ஒரே படிவத்தில் சில பத்து கிலோமீட்டர் நகர்ந்தால் விற்கும் பொருளே மாறிவிடும்.

உள்ளே போன நீர்

முறிவு நீரில் பாதிக்கும் குறைவாகவே பல ஷேல்களில் திரும்புகிறது. 10 நானோமீட்டர் ஆரமுள்ள, நீர் விரும்பும் துளையில் நுண்புழை அழுத்தம் 10 மெகாபாஸ்கல் வரை போகும். அது 1,000 மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம். பாறை நீரை உறிஞ்சிக்கொள்கிறது. திரும்பும் நீர் குறைவு என்பதாலேயே கிணறு மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஹேன்ஸ்வில் உள்ளிட்ட பல இடங்களில் குறைவாகவே திரும்புகிறது. முகத்தில் தங்கிய நீர் வாயுவின் வழியை மறிப்பதும் உண்மைதான். சில பாறைகளில் கிணற்றைச் சில வாரம் மூடிவைத்தால் நீர் உள்ளே நகர்ந்து வழிவிடும்; களிமண் மிகுந்ததில் அதே மூடல் முகத்தை மென்மையாக்கிக் கெடுக்கும். கோர்த் துண்டை முறிவு நீரில் ஊறவைத்து, ஊடுருவுதிறனும் கடினத்தன்மையும் எப்படி மாறுகின்றன என்று பார்த்தபின் முடிவெடுப்பது சரி.

எந்த வரிசையில் அளப்பது?

புதிய பகுதியில் முதலில் ஒரு செங்குத்துக் கிணறு. படிவம் முழுவதற்கும், மேலும் கீழும் உள்ள தடுப்பு அடுக்குகளில் சில மீட்டருக்கும் சேர்த்துக் கோர் எடுங்கள். நல்ல பகுதியில் மட்டும் எடுத்துச் சிக்கனம் பிடித்தால் சுவர் எங்கே என்று கடைசிவரை தெரியாது. மேலே வந்த கோரை அன்றே காற்றுப்புகாமல் உறையிட வேண்டும். காந்த ஒத்ததிர்வு அளவீட்டையும் எஸ்1-ஐயும் காயவிடுவதற்கு முன் எடுக்க வேண்டும். கனிமமும் கரிமமும் 30 சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி வீதம். ஊடுருவுதிறனும் பாறை வலுவும் அடுக்குக்கு இரண்டு மூன்று போதும், ஆனால் அடுக்குத் தளத்துக்கு இணையாகவும் செங்குத்தாகவும்.

லாக்கில் இயற்கைக் காமா, மின்தடை, அடர்த்தி, நியூட்ரான் நான்கும் கட்டாயம். குறுக்கலை ஒலி லாக்கும் கிணற்றுச்சுவர்ப் படமும் தகைவுக்காக. லாக்கிலிருந்து கிடைக்கும் தகைவு கணக்கு மட்டுமே. அதைச் சரிபார்க்கச் சிறு ஊசிச் சோதனை செய்ய வேண்டும். சில கன மீட்டர் நீரைச் சில நிமிடங்கள் செலுத்திப் பாறையைச் சற்றே உடைத்து, நிறுத்தி, அழுத்தம் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அது. முறிவு மூடும் அழுத்தம் குறைந்த தகைவைத் தரும்; நெடுநேர இறக்கம் துளை அழுத்தத்தைத் தரும். நானோடார்சிப் பாறையில் இதற்கு நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு நாளில் கருவியைக் கழற்றிவிட்டு அந்தச் சோதனை பயனற்றது என்பவர்கள் நிறையப் பேர்.

இவை கையில் வந்த பிறகு கிடைக்கிணறு ஓடும் மூன்று, நான்கு மீட்டர் சாளரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கார்பன் உச்சமாக இருக்கும் அடுக்கைத் தேடாதீர்கள். கார்பன் போதுமான அளவு இருந்து, தகைவு குறைந்து, மேலும் கீழும் நல்ல பாறை சமமாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். முறிவு தொடங்க எளிதான இடத்தில் தொடங்கிக் கரிம அடுக்குகளுக்குள் வளரட்டும். ஈகிள் ஃபோர்டில் இருப்பதுபோல எரிமலைச் சாம்பல் அடுக்குகள் அடிக்கடி குறுக்கிட்டால் அவற்றிலிருந்து விலகியே ஓட வேண்டும். விரலளவு தடிமனுள்ள சாம்பல் களிமண்கூட முறிவு ஏறும் இடத்தில் மணலை நசுக்கி வழியை மூடிவிடும். மேலே உள்ள பாறை உடைந்திருந்தும் கிணற்றோடு தொடர்பு அறுந்துபோகும்.

முதல் கிணற்றின் ஓராண்டு உற்பத்தி வந்ததும், வர்க்கமூலக் காலத்துக்கு எதிராக அழுத்தம் திருத்திய வரைவைப் போட்டுப் பாருங்கள். சாய்விலிருந்து கிடைப்பது முறிவுப் பரப்பையும் ஊடுருவுதிறனின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய ஒற்றை எண்தான். இரண்டையும் தனித்தனியே அது பிரித்துத் தராது. ஆய்வக ஊடுருவுதிறனை உள்ளே போட்டு வரும் பரப்பு, நீங்கள் செலுத்திய நீராலும் மணலாலும் உண்டாக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால், ஆய்வக எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கிறது. நம்ப முடியாத அளவுக்குச் சிறிதாக வந்தால் ஆய்வக எண் மிகையாக இருக்கலாம், அல்லது பாதிக் கிளஸ்டர்கள் (முறிவு தொடங்கும் குழாய்த் துளைக் கூட்டங்கள்) திறக்கவே இல்லை. இவற்றில் எது என்று ஒளியிழைக் கேபிளின் அளவீடோ தடயப்பொருளோ சொன்ன பிறகுதான், அடுத்த கிணற்றை எவ்வளவு தள்ளித் தோண்டுவது என்ற கேள்விக்குப் போக வேண்டும்.